மதுவும் முதுமையும்: சேலம் தந்த பாடம்

சேலம் நகருக்குத் தென்மேற்கே, கஞ்சமலையை அடுத்து அமைந்த நெசவூர் இளம்பிள்ளை. தறியின் ஓசையில் விழித்து, தறியின் ஓசையில் உறங்கும் ஊர் அது. அவ்வூருக்கு இப்பெயர் வந்ததற்கு ஒரு கதை வழங்குகிறது. கஞ்சமலையில் மூலிகை தேடி வந்த முதிய சித்தர் ஒருவர், ஏதோ ஒரு செடியின் குச்சியால் கிளறிய சோற்றை உண்டதும் முதுமை நீங்கி இளம்பிள்ளையாக மாறினாராம். அதனால் ஊரும் இளம்பிள்ளை ஆயிற்று என்பர். கதை உண்மையா என்பது இங்கே கேள்வியன்று. முதுமையின் தளர்ச்சியையும் சோர்வையும் ஒரே கவளத்தில் துடைத்தெறிய வேண்டும் என்னும் ஏக்கம் மனித இனத்தின் மிகப் பழைய ஏக்கம் என்பதே அது நமக்குச் சொல்லும் செய்தி.

அந்த ஏக்கத்தைப் பயன்படுத்திக்கொண்டு வீட்டுக்குள் நுழையும் பொருள்களுள் முதன்மையானது மது. உடல்வலி தீரும், உறக்கம் வரும், கவலை மறக்கும் என்று அது வாக்களிக்கிறது. இளமையில் அந்த வாக்குறுதி எவ்வளவு தூரம் நிறைவேறுகிறதோ நாம் அறியோம். முதுமையிலோ அது முற்றிலும் பொய்த்துப் போகிறது என்பதை மருத்துவம் இன்று ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகிறது. இந்த உண்மையைச் சிந்திக்க நம் சேலம் மண்ணைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. ஏனெனில் சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலில் நடைமுறைக்கு வந்தது இந்த மாவட்டத்தில்தான்.

பழந்தமிழர் கண்ட மது

மது நம் மண்ணுக்குப் புதிதன்று. இன்று தருமபுரி எனப்படும் தகடூரை ஆண்ட அதியமான், ஔவையாரோடு கள்ளைப் பகிர்ந்துண்ட செய்தியைப் புறநானூறு கூறுகிறது. சிறிதளவே கிடைத்தால் புலவருக்கே கொடுத்துவிடுவான், மிகுதியாகக் கிடைத்தால் அவர் பாடத் தானும் மகிழ்ந்து உண்பான் என்று, அவன் மறைந்தபின் பாடிய கையறுநிலைப் பாட்டில் ஔவை நினைவுகூர்கிறார். அங்கே கள் என்பது நட்பின் அடையாளம். அதே தமிழ், சில நூற்றாண்டுகளுக்குள் திருக்குறளில் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கி, குடிப்பவன் இழப்பது அறிவையும் நாணையும் மட்டுமன்று, பெற்றவளின் மகிழ்ச்சியையும் என்று எச்சரித்தது.

நம் திருமறையிலும் இவ்விரு குரல்களும் உண்டு. கானாவூர்த் திருமணத்தில் திராட்சை இரசம் மகிழ்வின் அடையாளம். நோவாவின் கூடாரத்திலோ அது மானக்கேட்டின் காரணம். அளவோடு அருந்தப்படும் இரசம் உள்ளத்துக்கு மகிழ்ச்சி தரும், மிஞ்சினால் கசப்பும் சச்சரவும் விளையும் என்று சீராக்கின் ஞானநூல் இரண்டையும் ஒரே இடத்தில் சொல்கிறது. நாம் நாள்தோறும் பீடத்தில் இரசத்தை ஒப்புக்கொடுக்கும் மக்கள். தமிழகத்துச் சட்டமும் திருப்பலி இரசத்துக்குத் தனி விதிகளை வகுத்து இடமளித்துள்ளது. ஆகவே மது என்னும் பொருளையே தீமை என்று சொல்லிவிட்டு நாம் எளிதாக நகர்ந்துவிட முடியாது. அது மனிதரை என்ன செய்கிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

1937 அக்டோபர் 1

1937 ஜூலையில் சென்னை மாகாணத்தின் முதல் காங்கிரஸ் அமைச்சரவைக்கு இராஜாஜி தலைமை ஏற்றார். அவருக்குச் சேலம் அந்நிய மண் அன்று. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்து, சேலத்தில் வழக்கறிஞராகவும் நகராட்சித் தலைவராகவும் பணியாற்றியவர். 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவி, கதர்ப் பணியோடு மது ஒழிப்புப் பணியையும் மேற்கொண்டவர். 1929இல் அங்கிருந்து 'விமோசனம்' என்னும் மாத இதழை மதுவிலக்குப் பிரசாரத்துக்கென்றே வெளியிட்டார். கல்கி கிருஷ்ணமூர்த்தி அப்பணியில் அவருக்குத் துணைநின்றார். கூலி வாங்கிய கையோடு கள்ளுக்கடைக்குப் போகும் உழைப்பாளியையும், வீட்டு வாசலில் காத்திருக்கும் மனைவி மக்களையும் அந்த ஆசிரமத்தார் அன்றாடம் கண்டனர்.

எனவே மாகாணம் முழுவதற்கும் ஒரே நாளில் சட்டம் கொண்டுவர இயலாத நிலையில், தாம் நன்கறிந்த சேலத்தையே இராஜாஜி முதலில் தேர்ந்தெடுத்தார். 1937 அக்டோபர் 1ஆம் நாள் மாவட்டத்தின் கள், சாராயக் கடைகள் மூடப்பட்டன. அன்றைய சேலம் மாவட்டம் இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் மாவட்டங்களையும் பெரும்பாலும் தன்னுள் அடக்கியது. 1938இல் சித்தூரும் கடப்பையும், 1939இல் வட ஆர்க்காடும் சேர்ந்தன.

இதன் பொருளாதார விலை சிறிதன்று. அக்காலத்தில் மாகாண வருவாயில் ஏறத்தாழ கால் பங்கு ஆயத்தீர்வையிலிருந்தே வந்தது. கடையை மூடுவது கருவூலத்தின் ஒரு கதவை மூடுவதாகும். அந்த இழப்பை ஈடுசெய்ய 1939இல் கொண்டுவரப்பட்டதே பொது விற்பனை வரி. நாம் பன்னெடுங்காலம் கடைகளில் செலுத்திய விற்பனை வரிக்கு வேர் சேலத்து மதுவிலக்கில் இருக்கிறது என்பதை இன்று பலர் அறியார்.

சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் பி.ஜே. தாமஸ் இந்த மதுவிலக்கின் விளைவுகளை ஆராய்ந்து எழுதினார். குடித்து வந்த குடும்பங்களின் உணவும் உடையும் மேம்பட்டதையும், வீட்டுச் சச்சரவுகள் குறைந்ததையும் அக்கால ஆய்வுகள் பதிவு செய்தன. ஆனால் கள்ளுக்கடை என்பது வெறும் விற்பனைக்கூடம் அன்று. நாளெல்லாம் உழைத்தவன் மாலையில் நான்கு பேரோடு உட்கார்ந்து பேசும் இடமும் அதுவே. கடையை மூடினால் அந்த மாலைப்பொழுது என்னாவது? இக்கேள்வியை அன்றைய தொண்டர்கள் உணர்ந்திருந்தனர். அதனால்தான் தேநீரும் மோரும், விளையாட்டும் பஜனையும் கிராமங்களில் ஊக்குவிக்கப்பட்டன. குடியை நிறுத்துவதோடு, அது நிரப்பியிருந்த வெற்றிடத்தையும் நிரப்ப வேண்டும் என்பது 1937 நமக்கு விட்டுச்சென்ற முதல் பாடம்.

திறந்தும் மூடியும்

அடுத்து வந்த வரலாறு நேர்க்கோட்டில் செல்லவில்லை. 1939 அக்டோபரில் அமைச்சரவை பதவி விலகியது. உலகப் போரின்போது, ஆளுநர் ஆட்சிக்காலத்தில், மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. 1946இல் சில மாவட்டங்களில் மீண்டும் வந்து, 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதிலும் நிலைபெற்றது. அடுத்த இருபத்துமூன்று ஆண்டுகள் தமிழகம் சட்டப்படி மதுவற்ற மாநிலம். கள்ளச்சாராயம் இருந்தது உண்மை. ஆயினும் தெருமுனையில் விளக்கெரியும் கடை இல்லை.

1971 ஆகஸ்டு 30 அன்று அத்தடை நீக்கப்பட்டது. அதைச் செய்ய வேண்டாம் என்று தொண்ணூற்றிரண்டு வயது இராஜாஜி முதலமைச்சர் கருணாநிதியின் இல்லத்துக்கே சென்று வேண்டினார் என்பது நாடறிந்த செய்தி. அடுத்த ஆண்டின் கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவன்று அவர் மறைந்தார். 1973இல் கள்ளுக்கடைகளும் 1974இல் சாராயக்கடைகளும் மீண்டும் மூடப்பட்டன. 1981இல் மறுபடி திறந்தன. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் தோன்றியது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் அரசே ஏற்றுக்கொண்டது. மது வழியாக அரசுக்குக் கிட்டும் வருவாய் 2023-24ஆம் ஆண்டில் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது.

இந்த ஆண்டுகளை நாம் அடுக்குவது அரசியல் பேசுவதற்காக அன்று. ஒரு கணக்கைப் பாருங்கள். 1937இல் இருபது வயதாயிருந்த சேலத்து நெசவாளி, தம் நடுவயதை எல்லாம் பெரும்பாலும் கடை மூடிய காலத்தில் கழித்தார். 1981இல் இருபத்தைந்து வயதாயிருந்தவரோ இன்று எழுபதை எட்டி நிற்கிறார். மண வாழ்க்கை தொடங்கிய நாள் முதல், சிறு இடைவெளிகள் தவிர, அவர் காலமெல்லாம் கடை திறந்தே இருந்திருக்கிறது. அரைநூற்றாண்டுக்காலப் பழக்கத்தோடு முதுமைக்குள் நுழையும் தலைமுறை இது. இளைஞர் குடிப்பதைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். முதியோர் குடிப்பதைப் பற்றிப் பேசுவதே இல்லை. "வயதான மனிதர், இனி என்ன, இருந்துவிட்டுப் போகட்டும்" என்று விட்டுவிடுகிறோம். அந்த விட்டுவிடுதலில் எவ்வளவு பெரிய கொடுமை அடங்கியிருக்கிறது என்பதை மருத்துவம் சொல்லட்டும்.

முதிய உடலில் மது

வயது ஏற ஏற உடலின் நீர்ப்பங்கு குறைகிறது, தசையும் குறைகிறது. மது நீரிலேயே கலந்து பரவும் பொருள். ஆகவே நாற்பது வயதில் அருந்திய அதே அளவை எழுபது வயதில் அருந்தினால், இரத்தத்தில் அதன் செறிவு கூடுதலாகிறது. அதை எரித்து வெளியேற்றும் கல்லீரலும் முன்போல் விரைவாக இயங்குவதில்லை. மூளையும் அதன் தாக்குதலுக்கு எளிதில் ஆட்படுகிறது. "எப்போதும் குடிக்கும் அளவுதான்" என்று முதியவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். அளவு மாறவில்லை, உடல் மாறிவிட்டது.

இத்தோடு மருந்துகள் சேர்கின்றன. இரத்த அழுத்தம், நீரிழிவு, மூட்டுவலி, தூக்கமின்மை ஆகியவற்றுக்கென நம் முதியோர் உட்கொள்ளும் மாத்திரைகள் பலவும் மதுவோடு கலக்கும்போது தீங்கு தருகின்றன. தலைசுற்றல், தடுமாறி விழுதல், இடுப்பெலும்பு முறிதல் எனத் தொடரும் துன்பங்களுக்கு, பல வீடுகளில் மூலகாரணம் மாலையில் அருந்திய மதுவே. மருத்துவரும் கேட்பதில்லை, வீட்டாரும் வெட்கத்தால் சொல்வதில்லை.

இனி மனத்துக்கு வருவோம். மது மூளையின் பரபரப்பைத் தணிக்கும் காபா என்னும் வேதிப்பொருளின் செயலைக் கூட்டுகிறது, கிளர்ச்சியூட்டும் குளுட்டமேட்டை அடக்குகிறது. அதனால்தான் முதல் மிடறில் ஓர் இளைப்பாறுதல் தோன்றுகிறது. ஆனால் மூளை சும்மா இருப்பதில்லை. இழந்த சமநிலையை மீட்க எதிர்த்திசையில் இயங்குகிறது. மது இறங்கியதும் பதற்றமும் எரிச்சலும் இனம்புரியாத அச்சமும் முன்னிலும் மிகுதியாக எழுகின்றன. அவற்றைப் போக்க மீண்டும் மது தேவைப்படுகிறது. தார் சுற்றும் இராட்டினம்போல் இது சுழன்றுகொண்டே இருக்கும்.

உறக்கத்தின் கதையும் அதுவே. குடித்தவர் விரைவில் கண்ணயர்கிறார். ஆனால் இரவின் பிற்பாதியில் உறக்கம் துண்டுதுண்டாகிறது. முதுமையில் உறக்கம் இயல்பாகவே மெலிந்திருக்கும். மது அதையும் கிழித்துவிடுகிறது. நள்ளிரவு தாண்டி விழித்து, இருட்டில் கிடந்து, இறந்த மனைவியையும் பிரிந்துபோன பிள்ளைகளையும் தீராத கடனையும் எண்ணிக் கலங்கும் முதியவரை நாம் இல்லச் சந்திப்புகளில் அடிக்கடி காண்கிறோம். அவர் அதை வயதின் குறை என்கிறார். மாலையில் அருந்தியது விடியலில் அவரை எழுப்புகிறது என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

மறதியோ இன்னும் துயரமானது. நெடுங்காலம் குடிப்பவர் சரியாக உண்பதில்லை. உண்பதும் உடலில் சேர்வதில்லை. தயமின் எனப்படும் வைட்டமின் பி1 குறைந்து மூளை பழுதாகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானியரான வெர்னிக்கேயும், ரஷ்யரான கோர்சகோவும் இதன் இரு கட்டங்களை விவரித்தனர். கோர்சகோவ் கண்ட நோயாளிகள் அண்மையில் நடந்ததை மறந்து, மறந்த இடத்தைக் கற்பனையால் நிரப்பிப் பேசினர். நம் ஊரில் இத்தகையவரைப் 'பொய் பேசும் கிழம்' என்று இகழ்ந்துவிடுகிறோம். தொடக்கத்திலேயே கண்டறிந்து தயமின் கொடுத்தால் கேட்டைப் பெருமளவு தடுக்கலாம் என்பதை எத்தனை குடும்பங்கள் அறியும்? மறதிநோயைத் தவிர்க்க மாற்றிக்கொள்ளத்தக்க காரணிகளுள் ஒன்றாக மிகுகுடியையும் 'லான்செட்' மருத்துவ இதழின் குழு 2020இல் சேர்த்தது. உடல்நலத்துக்குத் தீங்கற்றது என்று சொல்லத்தக்க மது அளவு எதுவும் இல்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது.

துயரம் முந்தியதா, குடி முந்தியதா?

"மனவேதனை தாங்காமல் குடிக்கிறார்" என்பது நம் வீடுகளில் சொல்லப்படும் சமாதானம். அதில் பாதி உண்மை உண்டு. துணையை இழத்தல், வேலையை இழத்தல், கைத்தறி போய் விசைத்தறி வந்த பின் கைத்திறனுக்கு மதிப்பில்லாமற்போதல், சொந்த வீட்டிலேயே ஆலோசனை கேட்பாரற்று ஒதுங்குதல் இவையெல்லாம் முதியவரை மதுவிடம் தள்ளுகின்றன. இளமையில் குடிக்காதவரும் அறுபதுக்குமேல் தொடங்குவது உண்டு.

எனினும் மறுபாதி உண்மையை நாம் கேட்பதில்லை. 1988இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பிரவுன், ஷூக்கிட் இருவரும், குடிநோய்க்குச் சிகிச்சை பெற வந்த 191 ஆண்களைக் கவனித்தனர். சேர்ந்தபோது அவர்களுள் 42 விழுக்காட்டினரிடம் கடுமையான மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. மது இல்லாமல் நான்கு வாரம் கழிந்தபோது, அத்தகையோர் 6 விழுக்காடாகக் குறைந்தனர். அதாவது, குடிக்கக் காரணம் என்று அவர்கள் கருதிய துயரம், பெரும்பாலும் குடியே விளைவித்த துயரமாய் இருந்தது. எஞ்சியவருக்கு மனச்சோர்வு தனி நோய். அதற்குத் தனி மருத்துவம் வேண்டும்.

இது நம்பிக்கையின் செய்தி. இத்தனை ஆண்டு இருண்டிருந்த மனம் சில வாரங்களில் தெளியக்கூடும் என்றால், "இனி என்ன" என்று சொல்ல நமக்கு உரிமை ஏது? எழுபது வயதில் கிடைக்கும் ஓராண்டுத் தெளிவு, பேரக்குழந்தைகளோடு பேசும் ஓராண்டு, இறைவனோடும் பகைத்தவரோடும் ஒப்புரவாகும் ஓராண்டு அல்லவா?

திருச்சபை கண்ட வழிகள்

அயர்லாந்தின் கார்க் நகரில் 1838 ஏப்ரல் 10 அன்று கப்புச்சின் துறவியான அருட்தந்தை தியோபால்டு மேத்யூ, மதுவைத் துறக்கும் உறுதிமொழியில் கையெழுத்திட்டு ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். இலட்சக்கணக்கானோர் அவர்முன் உறுதி எடுத்தனர். பின்னர் வந்த பெரும்பஞ்சத்தில் நாடு சிதைந்தது. இயக்கமும் தளர்ந்தது. 1856இல் அவர் இறந்தார்.

அதே ஆண்டில் டப்ளின் நகரின் ஓர் ஏழைக் குடும்பத்தில் மாட் டால்பட் பிறந்தார். சிறு வயதிலேயே குடிக்கு அடிமையான இவர், 1884இல் முதலில் மூன்று மாதத்துக்கு மட்டுமே உறுதி எடுத்தார். பின்பு அதை நீட்டினார். பின்னர் வாழ்நாள் முழுதும் காத்தார். மரக்கிடங்கில் கூலித்தொழிலாளியாய் உழைத்து, நாள்தோறும் திருப்பலி கண்டு, 1925இல் அறுபத்தொன்பதாம் வயதில், திருப்பலிக்குச் செல்லும் வழியில் தெருவிலேயே உயிர்துறந்தார். 1975இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது. பெருந்திரளின் உறுதிமொழி தளர்ந்த இடத்தில், மூன்று மாதம் என்று தொடங்கிய தனிமனிதனின் உறுதி நின்றது.

1935இல் அமெரிக்காவின் ஆக்ரனில், குடியால் வீழ்ந்த இருவர் ஒருவரையொருவர் தாங்கி எழுந்ததில் பிறந்ததே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்'. அந்நகரின் புனித தோமா மருத்துவமனையில் அருட்சகோதரி இக்னேசியா, 1939 முதல் குடிநோயாளிகளை மற்ற நோயாளிகளைப்போலவே ஏற்றுப் படுக்கை கொடுத்தார். குடிநோயாளியை மருத்துவமனைகளே ஏற்கத் தயங்கிய காலம் அது. தமிழகத்திலும் 1980இல் சென்னையில் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு மையம், இந்நோயைக் குடும்பத்தின் நோயாகக் கண்டு மருத்துவம் செய்யும் வழியைக் காட்டியது.

நாம் செய்யத்தக்கவை

2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் ஏறத்தாழ 16 கோடிப் பேர் மது அருந்துகின்றனர். அவர்களுள் 5.7 கோடிப் பேருக்கு அதனால் விளைந்த சிக்கலுக்கு உதவி தேவை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, பலர் நம் சேலம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டதை நாம் கண்டோம். அத்தகைய சாவு செய்தியாகிறது. வீட்டுத் திண்ணையில் மெல்ல மெல்ல நிகழும் சாவு செய்தியாவதில்லை.

சட்டம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 1937இன் சட்டம் எத்தனையோ வீட்டு அடுப்புகளை எரியச் செய்தது. ஆனால் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத கடமைகள் நமக்கு உண்டு.

முதலாவது, முதியவரின் குடியைப் பாவக்கணக்காக மட்டும் பார்க்காமல் நோயாகவும் பார்ப்பது. பெற்றோரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் மகனும் மகளும் அவர் அருந்துவதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நெடுநாள் நாள்தோறும் குடித்தவர், வீட்டாரின் வற்புறுத்தலால் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் மனக்குழப்பமும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே மருத்துவரின் துணையோடே நிறுத்த வேண்டும். மனம் தளர்ந்து, சாவைப் பற்றிப் பேசும் முதியவரின் சொல்லை வெறும் புலம்பலென ஒதுக்கலாகாது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட அரசின் டெலி மானஸ் மனநலச் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.

இரண்டாவது, வெற்றிடத்தை நிரப்புவது. கள்ளுக்கடை இருந்த இடத்தில் 1937இன் தொண்டர்கள் தேநீரையும் கூட்டுறவையும் வைக்க முயன்றனர். நம் அன்பியங்கள் முதியோரின் மாலைப்பொழுதைக் கேட்டிருக்கின்றனவா? தறியில் அறுந்த இழையை ஒரு நொடியில் கண்டு முடிந்த விரல்களுக்கு இன்று நாம் என்ன வேலை கொடுத்திருக்கிறோம்? அவர்களிடம் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை என்று நடந்துகொண்டு, அவர்கள் ஏன் குடிக்கிறார்கள் என்று வியப்பது நேர்மையன்று.

மூன்றாவது, நம் கொண்டாட்டங்களைச் சோதிப்பது. திருமுழுக்கு, திருமணம், பங்குத் திருவிழா, ஏன், அடக்கச் சடங்கு முடிந்த மாலையிலும் மது பரிமாறுவது சில இடங்களில் வழக்கமாகியிருக்கிறது. குடியை நிறுத்தி ஓர் ஆண்டைக் கடந்த பெரியவர் நம் பந்தலுக்குள் அச்சமின்றி வந்து அமர முடியவில்லை என்றால், அது கானாவூர்ப் பந்தல் ஆகாது. அங்கே ஆண்டவர் காத்தது விருந்தளித்த வீட்டாரின் மானத்தை.

அதியமான் சிறிதளவே கள் கிடைத்தபோது அதைத் தான் வைத்துக்கொள்ளவில்லை, நண்பருக்குக் கொடுத்தான். அந்தக் கோப்பையின் பெருமை கள்ளில் இல்லை, உடனிருப்பில் இருந்தது. நம் முதியோர் இன்று தேடுவதும் அந்த உடனிருப்பையே. அதை வெறுங்கையோடு சென்றும் கொடுக்கலாம். இந்த வாரமே நம் தெருவில் மாலையில் தனித்திருக்கும் ஒரு பெரியவரின் திண்ணையில் சென்று சிறிது நேரம் அமர்வோம்.